நோபல் வாங்காதவர் என்பதா கிருஷ்ணனின் அடையாளம்?

டீத்தூள் பாக்கெட்டுக்குள் போவதற்கு முன்னால் ஒரு காந்தத்தைக் கடந்துதான் போகும். எங்கள் பந்தலூர் பக்கம் டீ ஃபேக்டரியில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். இலையை அரைக்கும் சி.டி.சி உருளைகள் உரசித் தேயும்போது இரும்புத்தூள் உதிரும். அதைப் பிடிக்கத்தான் காந்தம். இரும்பு ஒட்டிக்கொள்ளும், தூள் நகர்ந்துவிடும்.

காந்தத்துக்கும் இரும்புக்கும்தான் உறவு, மற்றதெல்லாம் அதற்கு அந்நியம் என்றுதான் நம்மில் பலர் நினைத்திருப்போம். உண்மை வேறு. தண்ணீரும், பீரோவில் போடும் அந்துருண்டையும்கூட காந்தத்தை உணர்கின்றன. என்ன... அவற்றைக் காந்தம் இழுப்பதில்லை, மிக மிக லேசாகத் தள்ளுகிறது. இப்படிக் கண்ணுக்குத் தெரியாத காந்தத்தன்மையை அளப்பதில் தன் வாழ்க்கையின் சிறந்த வருடங்களைச் செலவிட்டவர் ஒரு தமிழர். இன்றைய விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பில் 1898-ல் பிறந்த கே.எஸ்.கிருஷ்ணன்.

டிஜிட்டல் டெஸ்க்கில் இருப்பதால், ஒவ்வொரு பிப்ரவரி 28-ம் தேதியும், அதாவது தேசிய அறிவியல் தினத்தன்று, இந்தப் பெயர் என் திரையில் வந்து போகும். 1928-ல் கொல்கத்தாவில் ராமன் விளைவு கண்டறியப்பட்டபோது, ராமனோடு சேர்ந்து சோதனைகள் செய்தவர் கிருஷ்ணன். அதை உலகுக்கு அறிவித்த ‘நேச்சர்’ இதழ்க் குறிப்பில் இருவர் பெயரும் இருக்கிறது. 1930-ல் நோபல் பரிசு வந்தது ராமனுக்கு மட்டும். கிருஷ்ணன் கதையை நாம் இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, ‘பாவம்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம்.

ஆனால், அவர் அங்கே நிற்கவில்லை. 1928 டிசம்பரில் டாக்கா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கேதான் அவருடைய சொந்த ஆராய்ச்சி தொடங்கியது.

அவர் செய்த சோதனையைக் கேட்டால் ஆச்சர்யமாக இருக்கும். முடியைவிட மெல்லிய குவார்ட்ஸ் இழையில் ஒரு சின்னப் படிகத்தைக் கட்டி, காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே தொங்கவிடுவார். காந்தம் அதை ஒரு திசையில் நிறுத்தப் பார்க்கும். இழையின் மேல் நுனியைக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினால் படிகம் முரண்டு பிடிக்கும். ஒரு கட்டத்தில் தாங்க முடியாமல் சட்டென்று திரும்பிவிடும். அதுவரை எவ்வளவு முறுக்கினோம் என்பதுதான் கணக்கு. படிகத்தின் காந்தத்தன்மை ஒரு திசைக்கும் இன்னொரு திசைக்கும் எவ்வளவு மாறுகிறது என்று அதிலிருந்து தெரிந்துவிடும்.

இதனால் என்ன லாபம்? அந்துருண்டையில் இருக்கும் நாப்தலீனையே எடுத்துக்கொள்வோம். அதன் மூலக்கூறு ஓடு மாதிரித் தட்டையானது. படிகத்துக்குள் அந்த ஓடுகள் எந்தப் பக்கம் சாய்ந்து அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதை, படிகத்தை உடைக்காமலே இந்த அளவீடு காட்டிக்கொடுத்தது. எக்ஸ்-ரே மூலம் படிகங்களை ஆராய்ந்த லண்டன் விஞ்ஞானி கேத்லீன் லான்ஸ்டேல், 1936-ல் கிருஷ்ணனோடு சேர்ந்து இதைப் பற்றி ஆய்வுக்கட்டுரை எழுதினார். 1940-ல் ராயல் சொசைட்டி கிருஷ்ணனை உறுப்பினராக்கியது. சுதந்திரத்தையொட்டி டெல்லியில் உருவான தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரும் அவர்தான்.

காந்தம் ஒளியையும் மாற்றும். 1845-லேயே ஃபாரடே இதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டார். காந்தப்புலத்தில் வைத்த திரவங்கள் வழியே ஒளி எப்படிப் போகிறது என்று ராமனும் கிருஷ்ணனும் 1927-ல் கோட்பாடு எழுதினார்கள். இன்று ஃபைபர் கேபிள்களுக்கு ஒளி அனுப்பும் லேசர்களில், போன ஒளி திரும்பி வந்து லேசரைக் கெடுக்காமல் தடுப்பது, ஃபாரடே பார்த்த அதே விளைவில் இயங்கும் ஒரு சின்னக் கருவிதான். நீங்கள் இதைப் படிக்கும் போனுக்கு இந்த வரிகள் வந்து சேரும் வழியிலும் அப்படியொன்று இருக்கலாம்.

இதெல்லாம் என் மண்டையில் ஓடக் காரணம் என் தம்பி. ப்ளஸ் டூ முடித்துவிட்டு, பி.எஸ்சி. பிசிக்ஸ்தான் படிப்பேன் என்று நிற்கிறான். பாட்டி காலத்தில் இலங்கையிலிருந்து வந்து, தலைமுறையாக இலை பறிக்கும் குடும்பம் எங்களுடையது. “அதைப் படிச்சா என்னடா வேலை கிடைக்கும்?” என்ற அம்மாவின் கேள்வியில் தப்பே இல்லை. மலையிறங்கிப் போய் மூன்று வருடம் படிக்க வைப்பது எங்களுக்குச் சின்ன செலவில்லை.

நான் அம்மாவிடம் நோபலைப் பற்றிப் பேசவில்லை. இழையில் படிகத்தைக் கட்டித் தொங்கவிட்டு, அது எப்போது திரும்பும் என்று பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்த மனிதரைப் பற்றிச் சொன்னேன். ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அதுக்கு அவருக்குச் சம்பளம் குடுத்தாங்களா?”

“குடுத்தாங்கம்மா. காலேஜ்ல பாடம் நடத்துற வேலை.”

“அப்போ சரி” என்றார் அம்மா. தம்பி அன்றைக்கே விண்ணப்பத்தில் முதல் விருப்பமாக பிசிக்ஸை நிரப்பிவிட்டான்.