பேஸ்மென்ட்டில் ஒரு ரேஸ் டிராக்

ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் இரண்டாவது பேஸ்மென்ட். சனிக்கிழமை என்பதால் ஒரு வண்டியும் இல்லை. ஹவுஸ்கீப்பிங் பெண்கள் நாலு பேர் தூண்களுக்கு இடையே தூசியைத் தள்ளிக்கொண்டு போக, பின்னாலேயே ஈர மாப்போடு வந்தவர் கழுத்தில் ஐ.டி. கார்டு தொங்கும் டெஸ்டிங் பிரிவு இளைஞர். மாலையில் ஊழியர்களுக்கு ரிமோட் கார் பந்தயம். டிராக் போடுவதைப் பார்க்கத்தான் நான் போயிருந்தேன்.

ரிமோட் காருக்கு முதல் எதிரி தூசி. அன்று ஓடவிருந்தவை பத்தில் ஒரு பங்கு அளவுள்ள கார்கள். ஒவ்வொன்றும் ஒன்றரை கிலோவுக்குள் அடங்கும். டயரின் அகலம் இரண்டு விரல்கூட இருக்காது. கான்கிரீட்டின் மேல் மெல்லிய சிமென்ட் தூள் இருந்தால் போதும், திருப்பத்தில் பின்பக்கம் வழுக்கி, கார் வந்த வழியையே பார்த்துக்கொண்டு நின்றுவிடும். வெளிநாட்டு டிராக்குகள் சிலவற்றில் சர்க்கரைத் தண்ணீர் தெளித்துத் தரைக்குப் பிசுபிசுப்பு ஏற்றுவார்கள். இதை ஒருவர் எடுத்துச் சொன்னதும் பராமரிப்புப் பிரிவு சூப்பர்வைசர் மறித்துவிட்டார். "திங்கக்கெழம எறும்பு ஏழாவது மாடி வரைக்கும் ஏறி வரும் தம்பி. அப்புறம் என்னத்தான் கேப்பாங்க."

பிளம்பராக வேலைக்கு வந்து சூப்பர்வைசர் ஆனவர் அவர். ரிமோட்டைக் கையில் பிடித்தது கிடையாது, தரை தெரியும்.

இளைஞர்கள் கம்ப்யூட்டரில் வரைந்து கொண்டுவந்த பிளானில் பதினோரு திருப்பங்கள். அதை சாக்பீஸால் தரையில் போட்டு முடித்ததும் கோட்டின் மேலேயே ஒரு சுற்று நடந்துவிட்டு, மூன்று இடங்களைக் காலால் தேய்த்து அழித்தார். முதலாவது, வடிகால் கிரில். பார்க்கிங் தரை கண்ணுக்குச் சமமாகத் தெரியும். ஆனால் தண்ணீர் ஓட வாட்டம் கொடுத்திருப்பார்கள். வேகமாக வரும் கார் அந்த வாட்டத்தில் இழுபட்டுக் கிரில் கம்பிக்குள் சக்கரத்தை விட்டுக்கொள்ளும். இரண்டாவது, தூணின் மறைப்பு. ஓட்டுபவர்கள் எல்லாரும் ஒரே மேடையில் நின்றுதான் ஓட்டுவார்கள். தூணுக்குப் பின்னால் அரை நொடி மறையும் கார் எந்தக் கோலத்தில் வெளியே வரும் என்று சொல்ல முடியாது.

மூன்றாவதுக்குத்தான் வாக்குவாதம் வந்தது. நேர்ப்பாதையின் கடைசியில், மேடைக்கு எட்டாத தூரத்தில், ஒரு கொண்டை ஊசி வளைவு போட்டிருந்தார்கள். "அண்ணே, அதான் த்ரில்லே" என்றார் ஒருவர். "ஓட்டப்போறது நீங்க ரெண்டு பேர் மட்டுமா?" என்று கேட்டார் அவர்.

கேள்வி நியாயமானது. கார் நம்மைவிட்டு விலகிப் போகும்போது ஸ்டீயரிங்கை இடதுபக்கம் திருப்பினால் அதுவும் நம் இடதுபக்கம் போகும். நம்மைப் பார்த்துத் திரும்பி வரும்போது எல்லாம் தலைகீழ். புதிதாகப் பிடிப்பவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். தூரமும் சேர்ந்துகொண்டால் வளைவுக்கும் காருக்கும் உள்ள இடைவெளி கண்ணுக்குப் பிடிபடாது. கொண்டை ஊசி மேடைக்கு அடியிலேயே வந்தது. தொலைவில் அகலமான வளைவு போட்டார்கள். கைதேர்ந்தவர் எந்த டிராக்கிலும் ஓட்டிவிடுவார். முதல்முறை ரிமோட்டைத் தொடுகிறவர் ஒரு சுற்றை முடிக்கிறாரா என்பதை வைத்துத்தான் டிராக் போட்டவருக்கு மார்க் போட வேண்டும் என்று எனக்குப் பட்டது.

அடுத்தது ஓரத் தடுப்பு. பி.வி.சி. பைப் போட்டால் நிமிர்ந்து அழகாக நிற்கும். ஆனால் மோதினால் முன் சஸ்பென்ஷன் ஆர்ம் பட்டென்று முறியும், அந்தப் பாகம் வந்து சேரும்வரை கார் அலமாரியில்தான். தெர்மாகோல் தடுப்பு முதல் இடியிலேயே பறந்துவிடும். சூப்பர்வைசர் ஸ்டோர் ரூமிலிருந்து காலாவதியான தீயணைப்பு ஹோஸ்களை இழுத்துவரச் சொன்னார். கனமான கித்தான் துணி, உள்ளே ரப்பர். இரண்டாக மடித்துக் கிடத்தினால் இடத்தைவிட்டு நகராது, இடிக்கும் காரையும் உடைக்காது. உயரமும் குறைவு, மேடையிலிருந்து பார்வையை மறைக்காது. உலர்ந்த தரையில் துணி டேப் ஒட்டி ஓரங்களை இறுக்கினார்கள். பெயின்டர்கள் ஒட்டும் காகித டேப்பை முதலில் முயன்று பார்த்தார்கள். மிச்சத் தூசியில் ஒட்டாமல் சுருண்டுகொண்டது.

கார்கள் பெரும்பாலும் டாமியாவின் டி.டி.-02. ஜப்பானின் ஷிசுவோகாவில் உள்ள டாமியா, 1976-இல் போர்ஷே 934 மாடலோடு ரிமோட் கார் தொழிலுக்கு வந்தது. பாகம் பாகமாக வாங்கி வீட்டிலேயே ஸ்க்ரூடிரைவரால் பூட்டும் வழக்கத்தை அந்த கம்பெனி பல நாடுகளில் பரப்பியது. தரைக்கு வந்த கார்களில் சில பொம்மைக்கடை சரக்கும் உண்டு. அவற்றில் இரண்டு ஒரே ரகம், இரண்டுமே 27 மெகாஹெர்ட்ஸ். ஒருவர் டிரிகரை அமுக்க, பக்கத்து மேசையில் இருந்த இன்னொருவரின் காரும் சேர்ந்து கிளம்பித் தரையில் விழுந்தது. முன்பெல்லாம் பந்தயங்களில் இதற்காகவே தனிப் பலகை இருக்கும். எந்த அலைவரிசையின் கிளிப் கையில் இருக்கிறதோ அவர் மட்டுமே ரிமோட்டை ஆன் செய்யலாம். 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட்கள் வந்த பிறகு அந்தத் தொல்லை ஒழிந்தது.

பேட்டரியை பேஸ்மென்ட்டில் சார்ஜ் போடக் கூடாது என்று எலெக்ட்ரீஷியன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். லித்தியம் பாலிமர் செல் 4.2 வோல்ட்டில் நிறைந்துவிடும். அதற்குமேல் ஏற்றினால் உப்பும், தீயும் பிடிக்கும். சார்ஜர்களைத் தரைத்தளத்துக்குக் கொண்டுபோய், மணல் வாளி ஒன்றும் பக்கத்தில் வைத்து, அவரே காவலுக்கு உட்கார்ந்தார்.

சுற்றை எண்ணுவது தனி வேலை. பெரிய போட்டிகளில் கோட்டுக்கு அடியில் ஒயர் பதித்திருப்பார்கள். காருக்குள் இருக்கும் டிரான்ஸ்பாண்டர் கடக்கும்போது தன் எண்ணை அனுப்பும், நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை கணக்கு வந்துவிடும். இங்கே அதற்கு வசதியில்லை. காருக்கு ஒருவராக ஹவுஸ்கீப்பிங் பெண்கள் பேப்பரும் பென்சிலுமாக உட்கார்ந்து, நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுத்தார்கள். ஒரு இன்ஜினீயர் தன் கணக்கில் ஒரு சுற்று விட்டுப்போனதாக வந்து நின்றார். "நீங்க ஹோஸ் மேல ஏறிக் குறுக்கால வந்தீங்க சார், அது கணக்கில்ல" என்றார் ஒரு அக்கா. சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் பேசாமல் போய்விட்டார்.

பந்தயம் ஐந்து நிமிடம். அதற்குள் யார் அதிகச் சுற்று வருகிறார்களோ அவர் முதல். இன்னும் இத்தனை சுற்று பாக்கி என்று யாரும் தனியாக ஓடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஓட்டி முடித்தவர்கள் அடுத்த ஆட்டத்துக்கு மார்ஷலாக நிற்க வேண்டும் என்பது ரிமோட் கார் உலகத்தின் பொது விதி. ஆகவே ஆரஞ்சு ஜாக்கெட் போட்ட ஒரு மேனேஜர், புதிதாகச் சேர்ந்த டிரெய்னியின் கவிழ்ந்த காரைக் குனிந்து குனிந்து நிமிர்த்திவைத்துக்கொண்டிருந்தார். கூட்டம் அதைத்தான் அதிகம் ரசித்தது.

முதலிடம் எதிர்பார்த்த ஆளுக்கே, 24 சுற்று. அன்றைக்குத்தான் முதல்முறையாக ரிமோட்டைப் பிடித்த அக்கவுண்ட்ஸ் பிரிவுப் பெண் 13 சுற்று ஓட்டினார். எல்லாரும் கவிழ்வார்கள் என்று பயந்த கொண்டை ஊசியில் அவர் ஒருமுறைதான் கவிழ்ந்தார். அதுவும் பின்னால் வந்தவர் இடித்ததால்.

கழற்றும்போது சூப்பர்வைசர் ஒவ்வொரு ஹோஸின் முனையிலும் பெயின்ட் மார்க்கரால் எண் எழுதினார். அடுத்தமுறை தேடக் கூடாதாம். தரையிலும் அதே இடங்களில் புள்ளி வைக்க அனுமதி கேட்டதற்கு, பார்க்கிங்கில் கறை கூடாது என்று நிர்வாகப் பிரிவு மறுத்தது. ஹவுஸ்கீப்பிங் பெண்கள் தின்னர் துணியோடு டேப் பசையைத் துடைத்துக்கொண்டிருக்க, அவர் பார்க்கிங் கோடு போடும் அதே மஞ்சள் பெயின்ட்டில், கோட்டின் ஓரத்தோடு ஓரமாகச் சின்னச் சின்னப் புள்ளிகளாக வைத்துக்கொண்டு போனார்.