வாய் வைத்த கணக்கு

ஜூலை 8

வயிற்றுப்போக்கு நின்றுவிட்டதா என்று காட்டத்தான் பாப்பாவை வேலூருக்குத் தூக்கிப் போனோம். டாக்டரம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்து, சுண்டுவிரலை அவள் வாயில் வைத்துப் பார்த்தார். "நல்லா இழுக்கிறா. நீங்க ஏன் மறுபடி பால் குடுக்கக் கூடாது?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டார். "அதெல்லாம் வத்திப்போச்சு மேடம். ஆபரேஷனோட சரி."

வற்றித்தான் போனது. பிரசவமான அடுத்த மாதமே எனக்குக் குடல்வால் வெடித்து, சீழ் வயிற்றுக்குள் பரவிவிட்டது. நான் ஆஸ்பத்திரியில் கிடக்க, பாப்பா குடியாத்தத்தில் அம்மா வீட்டில் டப்பாப் பாலுக்குப் பழகினாள். பால் கட்டிக்கொண்டு மார்பு இறுகி, தையல் வலியோடு அந்த வலியும் சேர்ந்தபோது, அம்மா மல்லிகைச் சரம் வாங்கிவந்து மார்பில் வைத்துக் கட்டினாள். சில நாளில் வலியும் போனது, பாலும் போனது.

டாக்டரம்மா இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். நான் சாப்பிடும் மருந்துகளைப் பார்த்தார். "பாப்பாவுக்கு இன்னும் மூணு மாசம் முடியலை. விட்ட இடைவெளியும் குறைச்சல்தான். இந்த வயசுல திரும்பப் பிடிச்சுக்குவாங்க, பெரிசானாத்தான் முரண்டு பண்ணுவாங்க" என்றார். உலக சுகாதார நிறுவனம் 1998இலேயே இதற்கென்று தனி வழிகாட்டி வெளியிட்டிருக்கிறதாம்.

கிளம்பும்போது ஒன்று சொன்னார்: "எவ்வளவு வருதுன்னு பார்க்காதீங்க. எத்தனை தடவை வாய் வெச்சான்னு மட்டும் எழுதுங்க. ராத்திரி பகல் சேர்த்து எட்டுலேருந்து பன்னெண்டு தடவை." அதற்காக வாங்கிய நோட்டுதான் இது. கோடு போட்டது போக மிச்ச இடத்தில் இதையும் எழுதுகிறேன்.

ஜூலை 9

அம்மா முகமே சரியில்லை. "நாந்தானே பூவைக் கட்டினேன்" என்று காலையிலிருந்து அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள். அந்த நேரத்தில் எனக்கு வேண்டியிருந்தது அதுதான் என்று சொன்னாலும் கேட்கவில்லை.

மல்லிகை வெறும் நம்பிக்கையும் இல்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பூவையும், பால் சுரப்பை நிறுத்தும் புரோமோகிரிப்டின் மாத்திரையையும் ஒப்பிட்டு 1988இல் ஆய்வு வெளியிட்டிருக்கிறார்கள். சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின் ஹார்மோன் இரண்டிலுமே இறங்கியிருக்கிறது. மாத்திரையில் அது கூடுதலாக இறங்கினாலும், பால் வற்றியதென்னவோ இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான்.

ஆனால் சுரப்பு நிற்பது நிரந்தரம் இல்லை. குழந்தை உறிஞ்சும்போது மார்புக் காம்பின் நரம்புகள் மூளைக்குச் சேதி சொல்கின்றன, புரோலாக்டின் ஏறுகிறது. பால் வெளியேறாமல் தேங்கினால் அந்தத் தேக்கமே உற்பத்தியைக் குறைக்கச் சொல்கிறது. ஆஸ்பத்திரியில் எனக்கு நடந்தது அதுதான். அதைத் திருப்பிப் போட வேண்டும், அவ்வளவே.

பாட்டியிடம், எங்கள் ஆயாவிடம், இதைச் சொன்னேன். "இதுல இன்னா அதிசயம்? ஆத்துல ஊத்து தோண்டுறதில்லையா. இறைச்சா ஊறும், விட்டா மணல் மூடிக்கும்" என்றாள். ஆயாவின் அத்தை, பிரசவத்தில் இறந்துபோன மகளின் குழந்தைக்கு மார் கொடுத்தே வளர்த்தாளாம். பேரன் எடுத்த வயதில்! இத்தனை நாள் இதை ஏன் சொல்லவில்லை என்றால், "யாரும் கேக்கலையே கண்ணு" என்கிறாள்.

ஜூலை 11

பாட்டிலை எடுத்து மேலே வைத்தாயிற்று. ரப்பர் காம்பில் வாய்க்கு வேலை குறைவு. அதில் பழகினால் மார்பில் மெனக்கெடத் தோன்றாது. இனிமேல் பாலாடைதான். அம்மா பரணிலிருந்து எடுத்து, புளி போட்டுத் துலக்கி, கொதிக்க வைத்துக் கொடுத்தாள். எனக்குப் புகட்டிய அதே வெள்ளிப் பாலாடை.

மார்பில் வாய் வைக்கும்போதே பால் கிடைக்க, ஆஸ்பத்திரி சிஸ்டர் கற்றுக்கொடுத்த முறை இது. மூக்கு வழியாக உணவு செலுத்தப் பயன்படும் மெல்லிய குழாயின் ஒரு முனையை டப்பாப் பால் உள்ள கிண்ணத்தில் போட வேண்டும். மறுமுனையைக் காம்பை ஒட்டி நீட்டி, டேப் போட்டு நிறுத்த வேண்டும். குழந்தை மார்பையும் குழாய் நுனியையும் சேர்த்துக் கவ்வும். அது உறிஞ்ச உறிஞ்சப் பால் குழாய் வழியாக வரும். வயிறு நிரம்புவதால் குழந்தை கோபப்படாது, உறிஞ்சுவதால் மார்பு தூண்டப்படும். கிண்ணத்தை உயர்த்தினால் வேகமாக இறங்கும், தாழ்த்தினால் மெதுவாக வரும். ஒரு வேளைப் பால் இறங்க அரைமணி நேரமாவது ஆகும்படி பிடிக்க வேண்டும். முடிந்தவுடனே குழாயில் சூடான சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவி அலசிவிட வேண்டும்.

படிக்க எளிது. எனக்கு ரெண்டு கைதான். ஒன்று பாப்பாவின் முதுகில், ஒன்று மார்பில். கிண்ணத்தை யார் பிடிப்பது? அம்மா பிடித்தாள். பாப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு கத்தினாள். குழாய் நழுவி என் சேலையெல்லாம் பால்.

சாயங்காலம் வேறு வழி. கர்நாடகத்தில் தாவணகெரெ மருத்துவர்கள் மறுபாலூட்டலில் நிறைய வேலை செய்து 1993இல் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் வழக்கமென்று சிஸ்டர் சொன்னது: மார்பின் மேல் துளித்துளியாகப் பாலை விட, அது காம்பு வழியாகக் குழந்தையின் வாய்க்கு வழியும். அம்மா பாலாடையைச் சாய்த்துச் சொட்டவிட்டாள். பாப்பா நக்கிப் பார்த்தாள், பிறகு கவ்வினாள். நோட்டில் முதல் கோடு.

ஜூலை 14

ஞாயிறு. என் வீட்டுக்காரர் ஆம்பூர் ஷூ கம்பெனியிலிருந்து நேற்று ராத்திரியே வந்துவிட்டார். வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "வருதா?"

வரவில்லை. பிதுக்கிப் பார்த்தால் ஈரம்கூட இல்லை. பக்கத்து வீட்டில், அத்தையின் போனில், பால் ஊற்ற வருகிறவரிடம்கூட இதே கேள்விதான். கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை, எனக்கு ஒவ்வொரு தடவையும் பரீட்சை. பால் ஊறுவது புரோலாக்டினால். ஊறியது இறங்குவது ஆக்ஸிடோசினால். வலி, பயம், பதற்றம் எல்லாமே அந்த இறக்கத்தைத் தடுக்கும். ஆக இந்தக் கேள்வியே ஒரு தடை.

அவரிடம் சொன்னேன்: "அப்படிக் கேக்காதீங்க. நோட்டைப் பாருங்க." பார்த்தார். ராத்திரிப் பக்கத்தில் கோடு குறைவாக இருப்பதைக் கண்டுபிடித்தார். இரவில்தான் புரோலாக்டின் அதிகம் சுரக்கும், அந்த நேரத்தில் வாய் வைப்பது முக்கியம் என்று விளக்கினேன். "அப்போ ராத்திரி கிண்ணம் நான் பிடிக்கிறேன். தினம் இங்கேயே வந்திடறேன்" என்றார்.

மத்தியானம் பாப்பாவை ஜட்டியோடு என் நெஞ்சில் போட்டுக்கொண்டு, மேலே சேலையைப் போர்த்திப் படுத்திருந்தேன். தோலோடு தோல் ஒட்டிக் கிடந்தால் பசிக்கு முன்னாலேயே தானாகத் தேடும் என்றார் சிஸ்டர். தேடினாள். கிண்ணம் இல்லாமலேயே கொஞ்ச நேரம் சப்பிவிட்டுத் தூங்கிப்போனாள்.

ஜூலை 17

அடுப்படியில் போட்டி. அம்மா பூண்டை நெய்யில் வதக்குகிறாள். அத்தை பேரணாம்பட்டிலிருந்து பால்சுறா வாங்கிவரச் செய்து புட்டு பண்ணிக் கொண்டுவந்தார். ஆயா வெந்தயக் கஞ்சி. மருந்துக் கடைக்காரர் தண்ணீர்விட்டான் கிழங்குப் பொடி.

சுறாப் புட்டு ருசியாக இருந்தது. வயிறு கிழிபட்டுத் தேறும் உடம்புக்கு நல்ல சாப்பாடு எப்படியும் வேண்டும். இவை பாலைப் பெருக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். மாத்திரைகளும் உண்டு: மெட்டோகுளோப்ரமைடு, டொம்பெரிடோன். இரண்டுமே வாந்திக்குக் கொடுப்பவை, பக்கவிளைவாகப் புரோலாக்டினை ஏற்றுபவை. முன்னது மனச்சோர்வைக் கூட்டலாம், பின்னது சிலருக்கு இதயத் துடிப்பைக் குழப்பலாம். டாக்டர் பார்த்துக் கொடுத்தால் ஒழியத் தொடக்கூடாது. எனக்கு இப்போதைக்கு வேண்டாம் என்றுவிட்டார். எதைத் தின்றாலும் குழந்தை உறிஞ்சாவிட்டால் பயனில்லை.

ஆனால் புட்டு அவித்த கைகளுக்கு வேறு வேலை கொடுக்க முடியும். ராத்திரிச் சமையலை அத்தையும் துணி துவைப்பதை அம்மாவும் பங்கு போட்டுக்கொள்ளும்படி ஆயா தீர்ப்பு சொன்னாள். அத்தை, "துணி நான் பார்த்துக்கறேன்" என்று மாற்றிக்கொண்டார்.

ஜூலை 20

அந்த மாற்றம்தான் சேதி கொண்டுவந்தது. பாப்பாவின் துணியை அலசிக்கொண்டிருந்த அத்தை, கிணற்றடியிலிருந்தே குரல் கொடுத்தார். "இங்க வா மா. கக்கா மாறியிருக்கு. இளக்கமா இருக்கு, டப்பாப் பால் வாடையும் இல்லை."

பால் வரத் தொடங்கினால் மார்பு கனக்கும், குழந்தை கிண்ணத்தில் மிச்சம் வைக்கும், மலம் இளகும் என்று சிஸ்டர் சொன்ன மூன்று அடையாளங்களில் ஒன்று. மற்ற இரண்டை நான் கவனிக்கவே இல்லை. மத்தியானம் குழாயை விரலால் அழுத்தி மூடிவிட்டு, பாப்பாவின் தொண்டையைப் பார்த்தேன். விழுங்கினாள். மறுபடி விழுங்கினாள். அம்மா அழுதாள். அத்தை அழவில்லை. சோப்புக் கையைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த வேளைக்கு நேரமாயிடுச்சு பார்" என்றார்.

ஜூலை 24

ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடை: நாலு கிலோ நானூறு. கிலோவுக்கு 150 மில்லி என்ற கணக்கில் நாளுக்கு 660 மில்லி அவளுக்குத் தேவை. இதுவரை அதை முழுக்க டப்பாவிலிருந்தே கொடுத்தோம். இனிச் சில நாளுக்கு ஒருமுறை, மொத்தத்தில் 50 மில்லி மட்டும் குறைக்க வேண்டும். ஒவ்வொரு வேளையிலும் கொஞ்சம் கொஞ்சமாக.

குறைப்பது அளவை, கெட்டியை அல்ல. மருந்துக் கடையில் நின்ற ஒரு பெண், பவுடரைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டிக் கலக்குவதாகச் சொன்னாள். அப்படிச் செய்தால் வயிறு ரொம்பினது போல இருக்கும், குழந்தை இளைக்கும். அவளிடம் சொல்லிவிட்டேன்.

ஒன்றுக்குத் துணி நாளுக்கு ஆறாவது நனைய வேண்டும், எடை வாரத்துக்கு 125 கிராமாவது ஏற வேண்டும். ஏறாவிட்டால் குறைத்ததைத் திரும்பக் கூட்டிவிட வேண்டும். மார்பு எவ்வளவு தந்தது என்பதை இனி அந்தத் தராசு சொல்லும்.

ஜூலை 29

மறுபரிசோதனைக்கு வேலூர். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டிலேயே பாப்பாவுக்குப் பசி. 2015இல் அரசு பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறை திறந்தபோது நான் கல்லூரியில் இருந்தேன், அது என் சங்கதியாகவே தோன்றியதில்லை. உள்ளே உட்கார்ந்து குழாயை ஒட்டினேன். அவர் வெளியே, அம்மா வரவில்லை. எதிரே தன் குழந்தைக்குக் கொடுத்துக்கொண்டிருந்த பெண் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அதை நான் பிடிக்கட்டா அக்கா?" என்று ஒரு கையை நீட்டினாள். எவ்வளவு உயரம் என்று மட்டும் கேட்டாள். வருதா என்று கேட்கவில்லை.

ஆகஸ்ட் 3

தாய்ப்பால் வாரம். சுகாதார நிலையத்தில் கோலப் போட்டி, உறுதிமொழி. தாய்ப்பாலே சிறந்தது என்பதை டப்பாக்காரர்களே பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும், குழந்தைப் படம் போடக்கூடாது என்கிறது 1992ஆம் ஆண்டுச் சட்டம். யாருக்கும் தெரியாத சேதி அல்ல. நின்றுபோன பாலைத் திரும்பக் கொண்டுவரலாம் என்பதுதான் அங்கே வந்திருந்தவர்களில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. நர்ஸக்கா என்னை எழுந்து பேசச் சொன்னார்.

முழுசா வந்துவிட்டதா என்று கேட்டார்கள். இல்லை. சிலருக்குச் சில நாளில் வரும், சிலருக்குச் சில வாரம். சிலருக்குப் பாதியோடு நிற்கும். எனக்குப் பாதிக்கு மேல். ராத்திரி இன்னும் கிண்ணம் வேண்டியிருக்கிறது. அதைத் தோல்விக் கணக்கில் எழுத எனக்கு மனமில்லை. பாதி என்றாலும் அது அவளுக்குப் போகிற பால். வராமலே போனவர்களும் குழந்தையை நெஞ்சில் போட்டுத் தூங்க வைத்திருப்பார்கள், அதற்கும் கணக்கு உண்டு.

"வீட்டுல எத்தனை பேர் இருக்கீங்க?" என்று கைக்குழந்தையோடு வந்த ஒருத்தி கேட்டாள். சரியான கேள்வி. குழாயும் பாலாடையும் யாரும் வாங்கிவிடலாம். எட்டுத் தடவை உட்கார ஒரு பெண்ணுக்கு நேரம் வேண்டுமென்றால், அவள் செய்துவந்த அத்தனையையும் வேறு யாராவது செய்ய வேண்டும். மருந்துச் சீட்டில் அதைத்தான் முதலில் எழுத வேண்டும்.

ஆகஸ்ட் 10

நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்தேன். 2017இலிருந்து முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வாரம் விடுப்பு. வேலைக்குத் திரும்பிய பிறகும், குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை தினம் இரண்டு முறை பாலூட்ட இடைவேளை தர வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. ஹெச்.எம். அதைப் படித்திருக்கவில்லை. "அனுப்புங்க டீச்சர், தாளாளர்கிட்ட பேசறேன்" என்றார்.

பேசிக்கொண்டிருக்கும்போதே வாசலில் சொந்தக்காரர்கள். பெரியம்மா, அவர் மருமகள், பிஸ்கட் பொட்டலம். பாப்பா மார்பில் இருந்தாள். பெரியம்மா படியேறிக்கொண்டே, "என்னடி, பால் வருதாமே?" என்றார்.

அத்தை கதவை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். "குழந்தை குடிக்குது அண்ணி. அரைமணி ஆகும். வந்ததுதான் வந்தீங்க, அந்தத் துணியைக் கொஞ்சம் மடிச்சு வைங்க."