ஐந்தால் பெருக்கிய மார்க்

பேத்தி பொறியியல் முதலாண்டு. போன வாரம் சாப்பாட்டு மேஜை முழுக்க வரைபடத் தாளை விரித்து வைத்திருந்தாள். ஒரு கூம்பைச் சாய்வாக வெட்டினால் மேலிருந்து எப்படித் தெரியும், முன்னாலிருந்து எப்படித் தெரியும் என்று வரைய வேண்டும். "இதையெல்லாம் கண்டுபிடிச்ச புண்ணியவான் யாரு தாத்தா?" என்றாள் எரிச்சலாக.

"கஸ்பார் மோன்ழ்" என்றேன். பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.

மோன்ழ் பிரெஞ்சு ராணுவப் பள்ளி ஒன்றில் ஆசிரியராக இருந்தவர். கோட்டை கட்ட உதவும் இந்த வரைமுறையை ராணுவ ரகசியமாகப் பல வருடம் பூட்டி வைத்திருந்தார்கள். 1794இல் பாரிஸில் எக்கோல் பொலிதெக்னிக் தொடங்கியபோது அதைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். கிண்டி பொறியியல் கல்லூரிக்கு வேரான சென்னை சர்வே பள்ளி ஆரம்பித்ததும் அதே 1794தான்.

குமாஸ்தாவுக்கு இது எப்படித் தெரியும் என்றால், ஒரு காலத்தில் அந்தக் கனவு எனக்கும் இருந்தது. 1969இல் புதுச்சேரியில் பாக் தேர்வு எழுதினேன், சி பிரிவு, கணிதமும் பௌதிகமும். பிரான்சில் பொலிதெக்னிக் போன்ற கல்லூரியில் படித்து என்ஜினீயர் ஆக வேண்டுமானால் பாக் முடித்ததும் நேரே போய்விட முடியாது. இரண்டு வருடம் ஆயத்த வகுப்பு: மாத் சுப், மாத் ஸ்பே. அந்த வகுப்புக்குப் பட்டப்பெயர் 'தோப்', அதாவது அகழெலி. வெளிச்சம் பார்க்காமல் கணக்குக்குள் தோண்டிக்கொண்டே இருக்க வேண்டும். வாராவாரம் கரும்பலகை முன் நிற்கவைத்து வாய்மொழித் தேர்வு. அதன் பிறகுதான் போட்டித் தேர்வு.

பொலிதெக்னிக்குக்குச் செல்லப்பெயர் 'எக்ஸ்'. அதில் சேர்வதை 'இன்டக்ரேட்' செய்வது என்பார்கள். எக்ஸை 1 முதல் 2 வரை தொகையிட்டால் 3/2. அதனால் இரண்டாம் வருட முடிவில் தேறுகிறவன் 'மூன்று அரை'. தோற்று இன்னொரு வருடம் படிக்கிறவன், 2 முதல் 3 வரை, 'ஐந்து அரை'. கணக்குப் பைத்தியங்களின் நகைச்சுவை. எனக்கு இன்றும் சிரிப்பு வருகிறது.

என் பேத்தியோ முதல் மாதமே வொர்க் ஷாப்பில் அரம் பிடித்து இரும்பைத் தேய்த்தாள். அகழெலிகளுக்கு அந்த பாக்கியம் கிடையாது.

எனக்கு இரண்டுமே கிடைக்கவில்லை. பிரான்சுக்குப் போக அப்பாவிடம் பயணச் செலவுக்கே வழியில்லை. சரி என்று வெளியூர்ப் பொறியியல் கல்லூரி ஒன்றுக்கு விண்ணப்பித்தேன். எங்களுக்கு மார்க் 20க்குத்தான். இருபது கடவுளுக்கு, பத்தொன்பது வாத்தியாருக்கு என்று வேடிக்கையாகச் சொல்வோம். 12க்கு மேல் வாங்கினால் கௌரவம். கணிதத்தில் நான் 13. என் கணக்கு மிசியே எழுந்து வந்து கை குலுக்கினார்.

அந்தக் கல்லூரி அலுவலகத்தில் 13ஐ ஐந்தால் பெருக்கினார்கள். 65. வரிசையில் எனக்கு முன்னால் தொண்ணூறுகள் நின்றன. முடிந்தது.

பிறகு எல்.டி.சி. ஆகி, முப்பத்தைந்து வருடம் கோப்பு பார்த்தேன். எண்பதுகளில் ஒருநாள் ஒரு பையனின் விண்ணப்பம் என் மேஜைக்கு வந்தது. பாக் சான்றிதழ், கணிதத்தில் 14. ஒரு குறிப்பு எழுதி மேலே அனுப்பியிருக்கலாம். விதியில் அதற்கு இடமில்லை, அன்றைக்கு மாலைக்குள் பட்டியல் முடிய வேண்டும். 70 என்று எழுதினேன். மேலதிகாரி ஒன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்தப் பையன் என்ன ஆனான் என்று தெரியாது. அவன் பெயர் மட்டும் நினைவிருக்கிறது.

நேற்று பேத்தியின் கூம்பு திருத்தி வந்தது. பத்துக்கு ஆறரை. முகம் தொங்கிவிட்டது. "எங்க கணக்குல இது பதின்மூணும்மா" என்று கையை நீட்டினேன்.

"போங்க தாத்தா" என்றாள். ஆனால் கை கொடுத்தாள்.