ஓரமாத்தானே போனா?



போன வாரம் என் மகள் குடும்பக் குரூப்பில் ஒரு போட்டோ போட்டுவிட்டாள். தலையில் ஹெல்மெட், இடுப்பில் செருகிய முந்தானை, கையில் சைக்கிள். திருச்சி தென்னூர் உழவர் சந்தை வாசலில் நான் நிற்கிறேன். அது எப்படியோ நம் பள்ளிக் குரூப்புக்கும் வந்துவிட்டது. அன்றிலிருந்து போன் ஓயவில்லை. "டீச்சர், அறுபத்து மூணு வயசுல இதெல்லாம் தேவையா?" என்று மாணவிகள். "அத்தை, ஆட்டோவுக்குக் காசு இல்லைன்னா சொல்லுங்க, அனுப்பறோம்" என்று அண்ணன் மகன். தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை. அதனால் இங்கேயே கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். நோட்ஸ் எடுக்க வேண்டாம், கடைசி வரை படித்தால் போதும்.

நான் சைக்கிள் கற்றது 1992-ல், புதுக்கோட்டையில். அறிவொளி இயக்கம் நடந்த காலம். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்க வைத்தார். கல்குவாரியில் வேலை பார்த்த பெண்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், எங்களைப் போன்ற ஆசிரியைகள் என்று ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டோம். லேடீஸ் சைக்கிள் எளிதில் கிடைக்காது. அதனால் கம்பி வைத்த ஜென்ட்ஸ் சைக்கிளில்தான் பழகினோம். முழங்காலில் தோல் உரியாத ஆளே கிடையாது. விழாமல் நேராகப் போகத் தெரிந்துவிட்டால் சைக்கிள் வந்துவிட்டது என்று பொருள். ஊர் ரோட்டில் அதற்கு மேல் தேவையும் இல்லை. எதிரே மாட்டு வண்டி வந்தால் ஒதுங்கி நின்றுகொள்வோம்.

அந்தப் பாடத்தைத்தான் பிறகு உங்களுக்கும் சொன்னேன். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு சைக்கிள் கொடுக்கும் நாளில், பிரேயரில் மைக்கைப் பிடித்து நான் சொல்வது ஒரே வரிதான். "ஓரமாப் போங்கடி, ஓரமாப் போனா ஒண்ணும் ஆகாது." உங்களில் பலருக்கு அது ஞாபகம் இருக்கும்.

2009-ல் அப்படி சைக்கிள் வாங்கிய ஒரு பெண்ணை வைத்துத்தான் இந்தப் பதிவு. பெயர் வேண்டாம். அறிவியலில் நல்ல மார்க் எடுப்பாள். பள்ளிக்கூடத்திலிருந்து ஆறு கிலோமீட்டரில் வீடு. சைக்கிள் வந்த பிறகுதான் அவளால் மாலை ஸ்பெஷல் கிளாஸுக்கு இருக்க முடிந்தது. ஒரு நாள் டவுனுக்குள் கடைவீதியில், நின்றுகொண்டிருந்த ஒரு வேனை ஒட்டிப் போயிருக்கிறாள். டிரைவர் பின்னால் பார்க்காமல் கதவைத் திறந்தார். ஹேண்டில் பாரில் கதவு பட்டு, ரோட்டின் நடுவில் விழுந்தாள். பின்னால் வந்த பஸ் பிரேக் போட்டதால் உயிர் பிழைத்தாள். வலது கை இரண்டு இடத்தில் முறிந்தது.

அவள் வீட்டுக்குப் போனேன். சைக்கிளைச் சங்கிலி போட்டுத் திண்ணைத் தூணில் கட்டியிருந்தார்கள். கை கூடினாலும் இனி அவள் படிக்க வர மாட்டாள் என்றார் அப்பா. நான் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். அவர் கத்தவில்லை, திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஓரமாப் போன்னு நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க டீச்சர்? ஓரமாத்தானே போனா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவள் படிப்பு அதோடு நின்றது. இரண்டு வருடம் கழித்துக் கல்யாணம் செய்து கொடுத்துவிட்டார்கள். பனியன் கம்பெனி வேலைக்காகக் குடும்பத்தோடு திருப்பூர் போய்விட்டாள் என்று அவளோடு படித்தவர்கள் சொன்னார்கள். "எல்லாம் விதி" என்று நானும் மனசைச் சமாதானம் செய்துகொண்டேன்.

ஓய்வு பெற்றபின் மகள் வீட்டோடு இருக்கலாம் என்று தில்லை நகர் வந்தேன். முழங்கால் வலிக்கு மெதுவாக சைக்கிள் ஓட்டலாம் என்று டாக்டர் சொன்னதும், பேத்தியின் பழைய சைக்கிளை எடுத்துத் துடைத்தேன். புதுக்கோட்டையில் பழகிய ஆளுக்குத் திருச்சி என்ன பெரிய விஷயம் என்று நினைப்பு. முதல் நாளே சாஸ்திரி ரோட்டில் ஒரு ஆட்டோ என்னை உரசிக்கொண்டு நின்றது. நிறுத்தி வைத்த வண்டிகளுக்கு இடையில் காலி இடம் தெரிந்தபோதெல்லாம் நான் ஓரத்துக்குப் போயிருக்கிறேன். அடுத்த வண்டி வந்ததும் சடாரென்று வெளியே வந்திருக்கிறேன். "வீட்ல சொல்லிட்டு வந்தியாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார் டிரைவர்.

கை நடுங்க இறங்கித் தள்ளிக்கொண்டு வந்ததை எங்கள் தெரு டீக்காரத் தம்பி பார்த்துவிட்டார். சைக்கிள் கேரியரில் டீ கேன் கட்டிக்கொண்டு முப்பது வருடமாக இந்த ஊர் டிராஃபிக்கில் ஓட்டுபவர். படித்தது ஐந்தாம் வகுப்பு. "டீச்சரம்மா, ஓரத்துலதாம்மா ஆபத்தே இருக்கு. ஞாயித்துக்கெழம காலைல வாங்க, சொல்லித் தரேன்" என்றார்.

முதல் ஞாயிறு, என் மருமகனின் காரைத் தெருவில் நிறுத்தி டிரைவர் பக்கக் கதவை முழுசாகத் திறக்கச் சொன்னார். கதவின் நுனி எட்டும் இடத்தில் என்னைச் சாக்பீஸால் கோடு போடச் சொன்னார். காரிலிருந்து கிட்டத்தட்ட ஒரு மீட்டர் தள்ளி விழுந்தது கோடு. "இந்தக் கோட்டுக்கு உள்ள எப்பவும் வராதீங்க. வண்டி நிக்கிற ரோட்டுல, இதுக்கு வெளியதான் உங்க எடம்" என்றார்.

நான் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். பதினாறு வருடத்துக்கு முன்னால் அந்த அப்பா கேட்ட கேள்விக்கான பதில் என் காலடியில் இருந்தது. அதில் விதி எதுவும் இல்லை, சாக்பீஸால் அளக்கக்கூடிய தூரம்தான். இத்தனை வருடம் சாக்பீஸ் பிடித்த எனக்கு அது தோன்றவில்லை.

நடு ரோட்டில் போகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். இடது பக்கம்தான் போக வேண்டும். ஆனால் பாம்பு மாதிரி வளையாமல், ஒரே கோட்டில், பின்னால் வருகிறவர் கண்ணில் படும்படி போக வேண்டும். ரோட்டின் கடைசி விளிம்பில் மணல், சாக்கடை மூடி, உடைந்த தார் எல்லாம் இருக்கும். அங்கே சறுக்கினால் வண்டிகளின் பக்கம்தான் விழுவோம்.

இரண்டாவது பாடம், பின்னால் திரும்பிப் பார்ப்பது. தலையைத் திருப்பினால் கையும் கூடவே திரும்பி சைக்கிள் கோணிக்கொண்டு போகும். அது நேராகப் போவதற்கே எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. அப்புறம் ஒரு கையை எடுத்து சைகை காட்டுவது. பார்த்து, கை காட்டி, மறுபடி பார்த்து, அதன் பிறகுதான் விலக வேண்டும்.

மூன்றாவது, பஸ். நிற்கும் பஸ்ஸின் இடது பக்கம் சந்து தெரிந்தாலும் நுழையக் கூடாது. அங்கே இருக்கும் சைக்கிள் டிரைவருக்குத் தெரியாமல் போகலாம். பஸ் இடது பக்கம் திரும்பும்போது முன்சக்கரம் போன வழியில் பின்சக்கரம் போகாது, உள்பக்கம் வெட்டிக்கொண்டு வரும். வட்டத்தின் ஆரம் பற்றி எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன்! இதைத் தம்பி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

மற்றபடி சின்னச் சின்ன விஷயங்கள். கிளம்பும் முன் காற்று, பிரேக், செயின் மூன்றையும் பாருங்கள். ஹேண்டிலில் பை மாட்டாதீர்கள். துப்பட்டாவும் முந்தானையும் சக்கரத்தில் சிக்காமல் கட்டிக்கொள்ளுங்கள். முன் பிரேக்கை மட்டும் அழுத்திப் பிடிக்காமல் இரண்டையும் சேர்த்துப் பிடியுங்கள். மழை பெய்தால் வண்டி நிற்கக் கூடுதல் தூரம் வேண்டும். இருட்டினால் முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு. கொஞ்ச தூரம்தானே என்று எதிர்த்திசையில் போகாதீர்கள். பெரிய சந்திப்பில் பயமாக இருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு கடந்துவிடுங்கள். புத்தூர் நால்ரோட்டில் நான் இன்னமும் இறங்கித்தான் தள்ளுகிறேன், வெட்கமே படுவதில்லை.

கார் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். டிரைவர் பக்கக் கதவை இடது கையால் திறந்து பழகுங்கள். அப்படிச் செய்தால் உடம்பு தானாகத் திரும்பும், கண் பின்னால் பார்க்கும். நெதர்லாந்தில் இப்படித்தான் பழக்குகிறார்களாம். எங்கள் மருமகனுக்கு ஒரு வாரத்தில் பழகிவிட்டது.

கடைசியாக, திருப்பூரில் இருக்கும் என் மாணவிக்கு. இது உன் கண்ணில் படுமா என்று தெரியாது. உன் தோழிகள் யாராவது பார்த்தால் அவளுக்கு அனுப்பிவையுங்கள்.

அம்மாடி, நீ ஓரமாத்தான் போனாய். சொன்ன பேச்சைக் கேட்டாய். தப்பு உன்மேல் இல்லை. கதவைப் பார்க்காமல் திறந்தவர் மேலும், பாதிப் பாடத்தை முழுப் பாடம் என்று சொல்லிக் கொடுத்த என் மேலும்தான். அன்று உன் அப்பாவிடம் இதைச் சொல்லத் தெரிந்திருந்தால், அந்தச் சங்கிலியை அவிழ்த்திருப்பாரோ என்னவோ. உனக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். அவள் கைக்கும் ஒரு நாள் சைக்கிள் வரும். அன்று வீட்டு வாசலில் ஒரு வண்டியை நிறுத்தி, கதவைத் திறந்து, அவள் கையாலேயே அந்தக் கோட்டைப் போடச் சொல். பயந்துகொண்டு அவள் சைக்கிளைக் கட்டி வைத்துவிடாதே.

நாளை ஞாயிறு. காலை ஆறு மணிக்கு எனக்கு கிளாஸ் இருக்கிறது. கமெண்டுகளுக்கு வந்துதான் பதில் போடுவேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்