கைதட்டினோம், பிறகு?

2020-ஐ செவிலியர் ஆண்டு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்திருந்தது. அந்த ஆண்டுதான் நம் செவிலியர்கள் கொரோனா வார்டில் கவச உடைக்குள் மணிக்கணக்கில் வெந்தார்கள். நடுவில் கழற்ற முடியாது என்பதால் தாகத்தை அடக்கினார்கள், சிறுநீரை அடக்கினார்கள். மாதவிடாய் நாட்களிலும் அதே உடைதான். பணி முடிந்தும் பலர் வீட்டுக்குப் போகவில்லை. பிள்ளை முகத்தை வீடியோ காலில்தான் பார்த்தார்கள்.

நாம் அந்த ஆண்டு மார்ச் 22 மாலை அவர்களுக்கு நன்றி சொல்லிக் கைதட்டினோம்.

தமிழ்நாட்டில் அப்போது அவசரமாக ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டவர்களுக்கு மாதம் 14,000 ரூபாய். அவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் வேலை 2022 டிசம்பர் 31-உடன் முடிந்தது. உயிரைப் பணயம் வைத்தவர்களுக்கு இது அநியாயம். பணி நிரந்தரம் கேட்டுச் செவிலியர்கள் தெருவில் உட்கார்ந்திருந்தால், கடந்து போகாதீர்கள். பக்கத்தில் போய் நில்லுங்கள்.