ஏ.டி.எச்.டி-க்கு அட்டோமாக்செடின் எழுதியிருக்காங்களா? முதல் எட்டு வாரம் வீட்டில் கவனிக்க வேண்டியவை



"டாக்டர், பையனுக்கு மனநல டாக்டர் ஒரு கேப்ஸ்யூல் எழுதியிருக்கார். மூளையை மந்தமாக்கிடுமா? பழக்கம் ஆகிடுமா?"

காய்ச்சலுக்கோ சளிக்கோ பிள்ளையைக் கூட்டி வரும் பெற்றோர், சீட்டை வாங்கிக் கிளம்பும்போது தயங்கித் தயங்கி என்னிடம் கேட்கும் கேள்வி இது.

நான் மனநல மருத்துவர் இல்லை. அரசு மருத்துவமனையில் பொது மருத்துவம் பார்க்கும் எம்.பி.பி.எஸ் டாக்டர். இந்த மருந்தைத் தொடங்குவது என் வேலை கிடையாது. ஆனால் தொடங்கிய பிறகு வாந்தி, பசியின்மை, இருமல் என்று அந்தப் பிள்ளைகள் முதலில் வந்து நிற்பது எங்களிடம்தான்.

அதனால் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். ஏ.டி.எச்.டி இருக்கும் பிள்ளையோ பெரியவரோ வீட்டில் இருந்தால் பொறுமையாக முழுசாகப் படியுங்கள்.

முதலில், ஏ.டி.எச்.டி என்றால் என்ன?

வயதுக்கு மீறிய கவனச் சிதறல், ஓரிடத்தில் உட்கார முடியாத துறுதுறுப்பு, யோசிக்கும் முன்பே செய்துவிடுவது. இவை ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்க வேண்டும். 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். வீட்டில் மட்டும், பள்ளியில் மட்டும் என்று இல்லாமல் குறைந்தது இரண்டு இடங்களில் தெரிய வேண்டும். படிப்பையோ உறவுகளையோ பாதிக்க வேண்டும்.

இதைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனை கிடையாது, ஸ்கேன் கிடையாது. பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய முடியும். "சேட்டை பண்றான், ஒரு மாத்திரை எழுதிக் கொடுங்க" என்று வாங்கும் விஷயம் இல்லை இது.

சரி, மருந்துக்கு வருவோம்.

இதற்கான மருந்துகளில் இரண்டு வகை. முதல் வகை, ஊக்கி மருந்துகள். மெத்தில்ஃபெனிடேட் இந்த வகை. சாப்பிட்ட அன்றைக்கே வேலை தெரியும். பலருக்கும் மருத்துவர்கள் முதலில் யோசிப்பது இதைத்தான். ஆனால் நம் நாட்டில் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்துக்குள் வருவதால் எல்லாக் கடையிலும் கிடைக்காது. சில பிள்ளைகளுக்கு அது ஒத்துக்கொள்வதும் இல்லை.

இரண்டாவது வகை, ஊக்கி அல்லாத மருந்துகள். இதில் அதிகம் பயன்படுவது அட்டோமாக்செடின். 2002-ல் அமெரிக்காவில் ஏ.டி.எச்.டி-க்கு அனுமதி பெற்றது. இந்த நோய்க்கு அங்கே அனுமதி கிடைத்த முதல் ஊக்கி அல்லாத மருந்து இதுதான்.

இது எப்படி வேலை செய்கிறது?

நரம்பு செல்கள் தங்களுக்குள் சேதி சொல்ல நார்அட்ரினலின் என்ற ரசாயனத்தை வெளியே விடும். சேதி சொல்லி முடித்ததும் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்படி இழுத்துக்கொள்வதை இந்த மருந்து தடுக்கிறது. திட்டமிடுவது, நிதானிப்பது, ஒரு வேலையில் நிலைத்து நிற்பது எல்லாம் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதியின் பொறுப்பு. அங்கே சேதி கொஞ்சம் தெளிவாகக் கேட்கத் தொடங்குகிறது.

இது தூக்க மாத்திரை இல்லை. போதை தருவதில்லை. அடிமையாக்கும் மருந்தும் இல்லை.

ஆனால் ஒரு விஷயத்தை மனதில் ஆழமாகப் பதிய வைத்துக்கொள்ளுங்கள்.

இது மெதுவான மருந்து. லேசான மாற்றம் தெரியவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம். முழுப்பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம். சிலருக்கு மூன்று மாதம்கூட ஆகும்.

பக்கவிளைவுகளோ முதல் வாரத்திலேயே வந்துவிடும். பசி குறையும், குமட்டும், வயிறு வலிக்கும், தூக்கம் சொக்கும், தலை சுற்றும். பெரியவர்களுக்கு வாய் உலர்வது, மலச்சிக்கல், சிறுநீர் சரியாகப் பிரியாமல் இருப்பதும் வரலாம்.

அதாவது கஷ்டம் முதலில், பலன் கடைசியில். பல குடும்பங்கள் மருந்தைக் கைவிடுவது இந்த இடைவெளியில்தான்.

ஒரு அம்மா. அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். நான்காம் வகுப்பு படிக்கும் மகனை வயிற்று வலி என்று கூட்டி வந்தார்.

"பன்னிரண்டு நாளாச்சு சார். ஒரு மாற்றமும் இல்லை. காலையில இட்லியைத் தட்டோட ஒதுக்கிடறான். எங்க மாமியார், இது பைத்தியத்துக்குக் கொடுக்கிற மாத்திரை, நிறுத்துன்னு தினமும் சண்டை. ஸ்கூல்ல வேற, இப்படியே இருந்தா டிசி வாங்கிக்கோங்கன்னு சொல்லிட்டாங்க. நான் என்னதான் சார் பண்றது?"

எடை பார்த்தேன். 24 கிலோவில் அரை கிலோ குறைந்திருந்தது. நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் இரண்டும் சரி. கண்ணில் மஞ்சள் இல்லை. பையன் என்னிடம் நன்றாகத்தான் பேசினான்.

"எப்பம்மா மாத்திரை கொடுக்கறீங்க?"

"ஆறரை மணிக்கு சார், எழுந்ததும். வேன் ஏழே காலுக்கு வந்துடும்."

வெறும் வயிற்றில் போயிருக்கிறது. இந்த மருந்தைச் சாப்பாட்டோடும் கொடுக்கலாம், சாப்பிடாமலும் கொடுக்கலாம். ஆனால் சாப்பிட்ட பிறகு கொடுத்தால் குமட்டல் நிறையக் குறையும். முதலில் இட்லி, அப்புறம் கேப்ஸ்யூல் என்று நேரத்தை மாற்றச் சொன்னேன். மருந்தை எழுதிய மனநல மருத்துவரிடம் போனில் பேசினேன். தொடரட்டும் என்றார்.

அந்த அம்மாவிடம் சொன்னது இவ்வளவுதான்: "பன்னிரண்டு நாள்ல இதைத் தேறுச்சா இல்லையான்னு சொல்ல முடியாதும்மா. எட்டு வாரம் கொடுங்க. நடுவுல பயமா இருந்தா எங்கிட்ட வாங்க, நீங்களா நிறுத்தாதீங்க."

ஏழாவது வாரம் சளிக்காக வந்தார்கள். நான் கேட்காமலேயே பையிலிருந்து நோட்டை எடுத்துக் காட்டினார். டீச்சர் போர்டில் எழுதிப்போடும் வீட்டுப்பாடம் முன்பெல்லாம் பாதி வரியில் நின்றுபோயிருந்தது. இப்போது முழுசாக இருந்தது. மார்க் ஒன்றும் ஏறவில்லை. ஆனால் எழுதி முடிக்கிறான். டிசி பேச்சும் அடங்கிவிட்டது என்றார்.

இந்த மருந்திடம் எதிர்பார்க்க வேண்டியது இந்த அளவு மாற்றத்தைத்தான். சேட்டையே இல்லாத பொம்மையாக மாற்றுவது இதன் வேலை இல்லை.

இப்போது, கேட்கக் கஷ்டமான பகுதி. தாண்டிப் போய்விடாதீர்கள்.

இந்த மருந்தின் தகவல் குறிப்பில் கட்டம் கட்டிப் போட வேண்டிய எச்சரிக்கை ஒன்றை 2005-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சேர்த்தது. குழந்தைகளிடமும் வளரிளம் பருவத்தினரிடமும் நடந்த ஆய்வுகளில், மருந்து எடுத்தவர்களில் ஆயிரத்துக்கு 4 பேருக்குத் தற்கொலை எண்ணம் தோன்றியது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் யாருக்கும் தோன்றவில்லை. அந்த ஆய்வுகளில் யாரும் தற்கொலையால் இறக்கவில்லை.

ஆயிரத்தில் நான்கு என்பது சிறிய எண்தான். ஆனால் அந்த நால்வரில் ஒருவர் நம் வீட்டில் இருந்தால்? அதனால்தான் தொடங்கிய முதல் சில மாதங்களும், அளவைக் கூட்டும் ஒவ்வொரு முறையும் கவனம் தேவை.

இன்னொரு வீடு. பதினான்கு வயதுப் பெண். மருந்து தொடங்கி மூன்றாவது வாரம். எதற்கெடுத்தாலும் எரிச்சல், கதவைச் சாத்திக்கொள்வது, இரவில் தூக்கம் இல்லை. "வயசு அப்படி" என்று விட்டிருக்கலாம். ஆனால் தொடங்கும்போதே மருத்துவர் எச்சரித்திருந்ததால் அவள் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து நேரடியாகக் கேட்டிருக்கிறார்: "சாமி, செத்துப்போயிடலாம்னு ஏதாவது தோணுதா?"

அவள் அழுதுகொண்டே ஆமாம் என்றிருக்கிறாள்.

அன்றைக்கே வந்துவிட்டார்கள். உடனடியாக மனநல மருத்துவர் பார்த்தார். மருந்தை நிறுத்தினார். கவுன்சலிங், நெருக்கமான கண்காணிப்பு, பிறகு வேறு சிகிச்சை. இப்போது அவள் பதினொன்றாம் வகுப்பு.

"அப்படிக் கேட்டா நாமே யோசனை கொடுத்த மாதிரி ஆகிடாதா டாக்டர்?" என்று பலர் கேட்கிறார்கள். ஆகாது. நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வருவதில்லை. ஏற்கெனவே வந்திருந்தால் சொல்வதற்கு ஒரு வழி கிடைக்கிறது.

கவனித்தீர்களா? ஒரே மருந்து. ஒரு பிள்ளைக்குத் தொடர்ந்தது சரி. இன்னொரு பிள்ளைக்கு நிறுத்தியது சரி. இரண்டு முடிவுகளும் சரியாக அமைந்ததற்குக் காரணம் வீட்டில் யாரோ கவனித்து, கவனித்ததை மருத்துவரிடம் கொண்டுவந்து சேர்த்ததுதான். இந்த மருந்தின் பாதுகாப்பில் பாதி உங்கள் கையில் இருக்கிறது.

சரி, வீட்டில் என்னென்ன செய்ய வேண்டும்?

தொடங்கும் முன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை: பிறவி இதயக் குறைபாடு, ஓடும்போது மயங்கி விழுந்தது, குடும்பத்தில் சிறு வயதில் திடீர் மரணம், உயர் ரத்த அழுத்தம், கல்லீரல் நோய், வலிப்பு, கண் அழுத்த நோய், குடும்பத்தில் இருமுனை மனநோய் அல்லது தற்கொலை முயற்சி. கேட்கவில்லை என்றாலும் நீங்களாகவே சொல்லுங்கள்.

அளவு: பிள்ளைகளுக்கு இது எடையை வைத்துக் கணக்கிடப்படுவது. 70 கிலோவுக்குள் இருப்பவர்களுக்குக் கிலோவுக்கு அரை மில்லிகிராம் அளவில் தொடங்கி, படிப்படியாக 1.2 வரை கொண்டுபோவார்கள். நான் சொன்ன 24 கிலோ பையனுக்கு 10 மில்லிகிராமில் தொடங்கி, 18, பிறகு 25 என்று ஏற்றினார்கள். ஆகவே அண்ணன் மாத்திரையைத் தம்பிக்குக் கொடுக்காதீர்கள். பலன் தெரியவில்லை என்று நீங்களாகவே இரண்டாக்காதீர்கள். சிலரின் கல்லீரல் இந்த மருந்தை மிக மெதுவாகவே கரைக்கும். அவர்கள் உடலில் அதே அளவு மருந்து பல மடங்கு தேங்கும். மெதுவாக ஏற்றுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கேப்ஸ்யூலைப் பிரித்துப் பாலில் கலக்காதீர்கள். முழுசாக விழுங்க வேண்டும். உள்ளே இருக்கும் பொடி கண்ணில் பட்டால் எரிச்சல் கொடுக்கும். பட்டுவிட்டால் தண்ணீரால் நன்றாகக் கழுவி மருத்துவரைப் பாருங்கள். பிள்ளைக்கு விழுங்க வராது என்றால் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஒரு வேளை மறந்துவிட்டால் ஞாபகம் வந்ததும் கொடுக்கலாம். ஆனால் ஒரு நாளைக்கு எழுதிய அளவைத் தாண்டக் கூடாது. அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள்.

எந்த டாக்டரிடம் போனாலும் இந்த மருந்தின் பெயரைச் சொல்லுங்கள். இது எங்களுக்கு மிக முக்கியம். இருமலுக்கு எழுதும் சால்பியூட்டமால் சிரப், மூக்கடைப்பு மாத்திரை எல்லாம் இதோடு சேரும்போது நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் கூட்டலாம். ஃப்ளூவாக்செடின், பராக்செடின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் இதன் அளவை உடலில் ஏற்றிவிடும். அதற்காக ஆஸ்துமா இன்ஹேலரை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சொல்லுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

மாதம் ஒரு முறை எடை, உயரம், நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் பார்த்துக் குறித்து வையுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்கலாம்.

உடனே மருத்துவமனைக்கு வர வேண்டிய அறிகுறிகள்:

கண் மஞ்சளாவது, சிறுநீர் அடர்நிறமாகப் போவது, உடம்பு முழுக்க அரிப்பு, வலது மேல் வயிற்றில் வலி. கல்லீரல் பாதிப்பு மிக மிக அரிது. ஆனால் வந்தால் மருந்தை அத்தோடு நிறுத்த வேண்டும்.

நெஞ்சு வலி, மயக்கம், படபடப்பு, மூச்சுத்திணறல்.

முகம் வீங்குவது, உடம்பெல்லாம் தடிப்பு.

திடீர் மூர்க்கம், இல்லாததைப் பார்ப்பது, கேட்பது, சாவைப் பற்றிய பேச்சு.

இவற்றில் எது வந்தாலும் அடுத்த வேளை மருந்தைக் கொடுக்காமல் நேராக வாருங்கள். அட்டோமாக்செடினை நிறுத்தும்போது படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் இதே நோய்க்கு எழுதும் குளோனிடின் என்ற வேறு மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் எகிறும். ஆகவே உங்கள் பிள்ளை எடுப்பது எது என்று பெயர் தெரிந்து வைத்திருங்கள்.

வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டுமா?

அவசியமில்லை. குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை மருத்துவர் மறுபரிசீலனை செய்வார். மருந்து மட்டுமே போதாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். முன் பெஞ்சில் இடம், பெரிய வேலையைச் சின்னச் சின்னதாகப் பிரித்துக் கொடுப்பது, முடித்ததும் ஒரு பாராட்டு, நேரத்துக்குத் தூக்கம். இவை கூடவே வேண்டும். அடி உதவாது.

எங்கே போவது?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவு. மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர்கள். 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கு மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையங்கள். மனம் தத்தளிக்கும் எந்த நேரத்திலும் டெலி மானஸ் 14416, இலவசம், 24 மணி நேரமும்.

இன்றைக்கே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். தேதி, மாத்திரை கொடுத்த நேரம், சாப்பிட்டது, தூங்கியது, மனநிலை. தினமும் ஒரு வரி போதும். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது அந்த நோட்டைக் கையில் கொண்டு போங்கள். எனக்கு எந்த லேப் ரிப்போர்ட்டும் சொல்லாததை அந்த நோட்டு சொல்லும்.

தேவைப்படும் ஒரு பெற்றோருக்கு இதைப் பகிருங்கள். சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள். மருந்தின் அளவை மட்டும் இங்கே கேட்காதீர்கள், அதை உங்கள் பிள்ளையை நேரில் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.