கீழே நிற்கிற சூர்யகிரண்

பக்கத்து வீட்டு சார் விமானப் படையில் இருபது வருஷம் இருந்தவர் என்று தெரிந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை தடவை பறந்திருக்கீங்க சார்?"

"நான் பறக்கவிட்டவன் தம்பி. பறந்தவன் இல்லை" என்றார்.

அவர் ஏர்ஃப்ரேம் ஃபிட்டர். அதாவது விமானத்தின் உடம்புக்கு வைத்தியர். தாம்பரத்தில் உள்ள விமானப் படைப் பயிற்சிப் பள்ளியில் தொழில் கற்று, ஊர் ஊராக மாற்றலாகி, கடைசியில் தாம்பரத்திலேயே வீடு கட்டி உட்கார்ந்துவிட்டார். 2025 பிப்ரவரியில் திடீரென்று, "பெங்களூர்ல ஏரோ இந்தியா. வர்றீங்களா?" என்றார். அடியேன் பி.காம். விமானத்தைப் பற்றித் தெரிந்ததெல்லாம் டிக்கெட் விலை மட்டும்தான். அதுவும் தெரிந்த பிறகுதான் பஸ்ஸில் போனோம்.

மெஜஸ்டிக்கில் இறங்கி, சர்க்கரை போட்ட சாம்பாரில் இட்லியை நனைத்துச் சாப்பிட்டுவிட்டு, டவுன் பஸ் பிடித்து எலஹங்கா. பொதுமக்களை அனுமதிக்கும் நாள். பாதி பெங்களூர் அங்கே இருந்தது. மீதி பாதி டிராஃபிக்கில் இருந்தது. அமெரிக்காவின் எஃப்-35, ரஷ்யாவின் சுகோய்-57 இரண்டும் ஒரே ஊருக்கு வந்திருந்ததால் கூட்டம் கழுத்து சுளுக்கும் வரை அண்ணாந்து பார்த்தது. சார் மட்டும் பழைய பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டு தரையையே பார்த்தார். கல்யாணத்துக்குப் போய் மாப்பிள்ளையைப் பார்க்காமல் சமையல்கட்டை எட்டிப் பார்க்கிற மாதிரி!

"என்ன சார் தேடறீங்க?"

"நம்ம ஆளுங்களைத்தான்" என்று பைனாகுலரைக் கொடுத்தார்.

தூரத்தில், சிவப்பும் வெள்ளையுமாக ஒன்பது ஹாக் விமானங்கள். சூர்யகிரண் குழு. 1996ல் கர்நாடகத்தின் பீதரில், நம் நாட்டிலேயே செய்த கிரண் விமானங்களோடு ஆரம்பித்தார்கள். 2011ல் அந்த விமானங்கள் பயிற்சிக்குத் தேவைப்பட்டதால் குழு கலைந்தது. 2015ல் ஹாக் விமானங்களோடு மறுபிறவி. விமானிகளின் சாகசம் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். விமானங்களுக்குக் கீழே எறும்பு மாதிரி சுற்றிக்கொண்டிருந்தவர்களைப் பற்றித்தான் சார் சொல்ல ஆரம்பித்தார்.

விமானி வருவதற்கு வெகுநேரம் முன்பே இவர்கள் வந்துவிடுவார்கள். ஓடுபாதையில் கண்ணைத் தரையில் பதித்துக்கொண்டு வரிசையாக நடப்பதும் ஒரு வேலை. மூக்குத்தித் திருகாணி தொலைந்த வீட்டில் தேடுவது போல. ஒரு சின்னக் கல்லோ, ஆணியோ என்ஜினுக்குள் போனால் போதும், உள்ளே சுழலும் தகடுகள் நாசம்.

"அந்தப் புகை?" என்றேன்.

"டீசல்தான் தம்பி. என்ஜின் வெப்பக்காத்து வெளியே வர்ற இடத்துல பீச்சிவிட்டா ஆவியாகி வெள்ளைப் புகையாயிடும். கலர் வேணும்னா சாயம் கலக்கணும். மேலே அழகா ரோஜாப்பூ மாதிரி விரியும். கீழே அந்தப் பிசுக்கைத் துடைக்கிறது நம்ம ஆளு!"

நேராகப் பறக்கிற விமானமும் குட்டிக்கரணம் போடுகிற விமானமும் ஒரே மாதிரி தேயாது. ஒவ்வொரு திருப்பத்திலும் புவியீர்ப்பு விசையின் பல மடங்கு பாரம் இறக்கையை முறுக்குகிறது. எந்த விமானம் எவ்வளவு முறுக்கப்பட்டது என்று கணக்கு வைத்து, விரிசல் விட்டிருக்கிறதா என்று தேடித் தேடிப் பார்ப்பார்களாம். எனக்குச் சட்டென்று புரிந்தது. எங்கள் பாஷையில் இதற்குத் தேய்மானக் கணக்கு என்று பெயர்!

பேரேடும் உண்டு. ஃபார்ம் 700. என்ஜின் பார்த்தவர், உடம்பு பார்த்தவர், மின்சாரம் பார்த்தவர் என்று ஒவ்வொருவரும் அதில் கையெழுத்துப் போட வேண்டும். கடைசியில் விமானி படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் விமானம் அவர் கைக்குப் போகும். நான் வேலை பார்த்த ஆபீஸில் வவுச்சரைப் படிக்காமலே கையெழுத்துப் போட்ட நாட்கள் ஞாபகம் வந்து கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

சார் குரலைத் தாழ்த்தினார். "ஒரு தடவை நான் தப்பு பண்ணியிருக்கேன்."

வடக்கே ஏதோ ஒரு தளம். பெயர் வேண்டாம். வேலை முடிந்ததும் கருவிகளைப் பலகையில் திருப்பி மாட்ட வேண்டும். ஒவ்வொரு கருவிக்கும் அதன் நிழல் மாதிரி உருவம் வரைந்திருக்கும். காலி இடம் பல்லிளித்துக் காட்டிக் கொடுத்துவிடும். அன்று ஒரு ஸ்க்ரூடிரைவர் இல்லை.

"கடைத்தெருவுல அதே மாதிரி வாங்கி மாட்டியிருக்கலாம். ஒருத்தனுக்கும் தெரியாது. ஒரு மணி நேரம் அப்படித்தான் யோசிச்சேன். அப்புறம், காலையில அதுல ஏறப்போற பையன் முகம் ஞாபகம் வந்துது. போய்ச் சொல்லிட்டேன். பத்துப் பேர் சேர்ந்து விமானத்தைப் பிரிச்சோம். ராத்திரி மூணு மணிக்குக் கிடைச்சுது. எங்கே? கன்ட்ரோல் ராடுக்குப் பக்கத்துல!"

"என்ன பண்ணாங்க சார் உங்களை?"

"பெரியவர் முதல்ல டீ வாங்கிக் கொடுத்தார். அப்புறம் ரெண்டு வாரம் எக்ஸ்ட்ரா டூட்டி கொடுத்தார். ரெண்டும் நியாயம்தானே?"

அதற்குள் ஒன்பது ஹாக்குகளும் கிளம்பிவிட்டன. இறக்கைக்கு இறக்கை சில மீட்டர்தான் இடைவெளி. நம் ஊர் டவுன் பஸ்ஸில் இரண்டு பயணிகளுக்கு நடுவில்கூட... சரி, அந்த உதாரணம் வேண்டாம். தலைகீழாகப் போனார்கள், ஒருவரை ஒருவர் உரசுகிற மாதிரி குறுக்கே பாய்ந்தார்கள், வானத்தில் இதயம் வரைந்தார்கள். கூட்டம் விசிலடித்தது.

சார் கை தட்டவில்லை. பைனாகுலர் பிடித்த கை லேசாக நடுங்கியது. 2019 பிப்ரவரி 19, இதே எலஹங்கா வானத்தில், ஒத்திகையின்போது சூர்யகிரணின் இரண்டு ஹாக் விமானங்கள் மோதிக்கொண்டன. விங் கமாண்டர் சாஹில் காந்தி உயிரிழந்தார். மற்ற இரண்டு விமானிகள் இருக்கையோடு வெளியே வீசப்பட்டுப் பிழைத்தார்கள்.

"அந்த சீட் இருக்கே தம்பி, அதுக்கும் ஒருத்தன் பொறுப்பு. தினமும் பார்ப்பான். பார்த்துட்டு, இது உபயோகப்படவே கூடாதுன்னு வேண்டிக்குவான். தான் செஞ்ச வேலை வீணாப் போகணும்னு சாமி கும்பிடறவன் அவன் ஒருத்தன்தான்" என்றார்.

சாகசம் முடிந்தது. கூட்டம் ஐஸ்கிரீம் பக்கமும் பஸ் பக்கமும் சிதறியது. "போலாமா சார்?" என்றேன். இருங்கள் என்று கையைக் காட்டினார். ஓடுபாதையையே பார்த்துக்கொண்டு முணுமுணுத்தார்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

தரையில் சீருடைக்காரர்களும் அப்படித்தான் நின்றிருந்தார்கள். ஒவ்வொரு விமானமாக இறங்கி, ஊர்ந்து வந்து, தன் இடத்தில் நின்றது. ஓடிப்போய்ச் சக்கரத்துக்குக் கட்டை வைத்தார்கள். நானும் என்னை அறியாமல் எண்ண ஆரம்பித்திருந்தேன்.

"...எட்டு... ஒன்பது."

சார் பெருமூச்சு விட்டுப் பைனாகுலரை உறையில் போட்டார்.

"கணக்கு டேலி ஆயிடுச்சு தம்பி. வாங்க, இப்ப காபி சாப்பிடலாம்."